ஆகாரமும் முதுமையும்: மதுரைச் சமவெளிக் குடும்பங்கள் கவனிக்கத்தக்க சில விஷயங்கள்

மனிதனுக்கு முதுமை வருவது இயற்கை. ஆனால் அது எந்த வயதில், எவ்விதமாக வருகிறது என்பது முழுவதும் இயற்கையின் வசத்தில் இல்லை. ஒரே கிராமத்தில் ஒரே வயதுடைய இருவரில் ஒருவர் அறுபத்தைந்து வயதிலும் மண்வெட்டி எடுத்து வரப்பு வெட்டுகிறார். மற்றவர் ஐம்பத்தைந்திலேயே கண் மங்கிக் கால் மரத்துத் திண்ணையில் அமர்ந்துவிடுகிறார். பிறவிக்கூறு, உழைப்பு, புகையிலை, மது முதலியன இவ்வித்தியாசத்துக்குக் காரணமாகலாம். இவற்றோடு, அவர்கள் நாள்தோறும் உண்டு வந்த ஆகாரமும் ஒரு பிரதான காரணம் என்பதை ஆராய்ச்சியாளர் நூறாண்டுகளாக எடுத்துக்காட்டி வருகின்றனர்.

இது வைத்தியர்களுக்கு உரிய விஷயமேயன்றிக் கூட்டுறவுச் சங்கத்துக்குச் சம்பந்தமற்றது என்று அங்கத்தினர்கள் எண்ணலாகாது. சங்கத்தில் பெற்ற கடனைத் தீர்ப்பது நிலத்தில் பாடுபடும் மனிதனின் உழைப்பேயாகும். அவ்வுழைப்பு பத்து வருஷம் முன்னதாக ஓய்ந்துவிடுமாயின், கடன் தவணை நிலுவையாகிறது. வைத்தியச் செலவுக்கு நகை அடகுக்குப் போகிறது. பள்ளியில் படிக்கும் பிள்ளை கூலிக்குச் செல்ல நேரிடுகிறது. ஆகையால் அங்கத்தினர் வீட்டு அடுக்களையும் சங்கத்தின் கவனத்துக்கு உரியதே.

கூனூரில் நடந்த சோதனைகள்

ஆகாரத்துக்கும் தேகாரோக்கியத்துக்கும் உள்ள தொடர்பு நீலகிரியில் உள்ள கூனூரில் விரிவாக ஆராயப்பட்டது. அங்கே பாஸ்டர் இன்ஸ்டிட்யூட்டில் 1918ஆம் வருஷத்தில் டாக்டர் ராபர்ட் மக்காரிஸன் என்பவர் பெரிபெரி நோயைப்பற்றிய விசாரணையைத் தொடங்கினார். அதுவே பின்னர் ஆகார ஆராய்ச்சிச் சாலையாக வளர்ந்து, 1958இல் ஹைதராபாத்துக்கு மாற்றப்பட்டு, இப்போது தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்ற பெயரில் நடைபெற்று வருகிறது.

மக்காரிஸன் 1920களில் ஒரே இனத்தைச் சேர்ந்த இளம் எலிகளைப் பல கூட்டங்களாகப் பிரித்தார். இந்தியாவின் பல பாகத்து ஜனங்கள் உண்ணும் ஆகாரத்தை ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒவ்வொரு விதமாகக் கொடுத்து வளர்த்தார். சீக்கியருடைய ஆகாரம் முழுக்கோதுமைச் சப்பாத்தி, பால், வெண்ணெய், பருப்பு, பச்சைக் காய்கறிகள், எப்போதாவது இறைச்சி ஆகியவை அடங்கியது. சென்னை மாகாணத்து ஆகாரம் தீட்டிக் கழுவிய அரிசியை முக்கியமாகக் கொண்டது. அதில் பருப்பும் காய்கறியும் எண்ணெயும் இருந்தபோதிலும், பாலும் மோரும் மிகவும் சொற்பம். முடிவில் நிறுத்துப் பார்த்தபோது, சீக்கியர் ஆகாரத்தை உண்ட எலிகளின் சராசரி எடை சுமார் 235 கிராமாகவும், சென்னை ஆகாரத்தை உண்டவற்றின் எடை சுமார் 155 கிராமாகவும் இருந்தன. எலிகள் யாவும் ஒரே இனம்; கூண்டும் பராமரிப்பும் ஒன்றே. ஆகாரத்தில் மட்டுமே வித்தியாசம். எனவே, தெற்கத்தியருடைய உடல் இயல்பாகவே மெலிந்தது என்ற பழைய எண்ணம் முழு உண்மையன்று என்பது தெளிவாயிற்று.

முதுமையைப்பற்றி அறிய வேண்டியதும் அதே சோதனைச் சாலையில் வெளிப்பட்டது. நல்ல ஆகாரத்தில் வளர்க்கப்பட்ட ஆயிரத்துக்கு மேற்பட்ட எலிகள் ஏறக்குறைய இரண்டு வயதுவரை, அதாவது மனிதனுடைய ஆயுளில் ஐம்பது வருஷத்துக்குச் சமமான காலம்வரை, நோயின்றி இருந்ததை மக்காரிஸன் கண்டார். குறைபாடான ஆகாரம் பெற்ற எலிகளுக்கோ, நுரையீரலிலும் வயிற்றிலும் குடலிலும் பலவித நோய்கள் தோன்றின. எலிக்குக் கண்டதெல்லாம் மனிதனுக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்வதற்கில்லை. ஆயினும் நடுத்தர வயதில் நோயுறுவது விதியென்று கருதி வாளாவிருப்பது தகாது என்பதற்கு அச்சோதனை ஒரு நல்ல அத்தாட்சி.

அரிசியில் இழப்பது என்ன

டச்சுக்காரர் வசமிருந்த ஜாவாவில், 1890களில் ஐக்மான் என்ற வைத்தியர், தீட்டிய அரிசிச் சோற்றையே தின்ற கோழிகளுக்குக் கால் விளங்காமற்போவதையும், தவிட்டோடு கூடிய அரிசி கொடுத்தால் அவை தேறுவதையும் கண்டார். அந்தத் தவிட்டிலும் முளையிலும் உள்ள பொருள்தான் ஜீவசத்து பி1. அது குறைந்தால் மனிதருக்கும் கால் மரத்து வீங்கி, இருதயம் தளரும். இதுவே பெரிபெரி.

கூனூரில் மக்காரிஸனுக்குப் பின் வந்த டாக்டர் ஐக்ராய்ட் காலத்தில் ஒரு முக்கிய விஷயம் விளங்கியது. வட சர்க்கார் ஜில்லாக்களில், ஆலையில் தீட்டிய பச்சரிசி உண்பவர்களிடையே பெரிபெரி கண்டது. புழுங்கலரிசி உண்ணும் தமிழ் ஜில்லாக்களில் அது அவ்வாறு பரவவில்லை. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டில் உள்ள பி1 சத்து அரிசியின் உள்ளே இறங்கிப் படிந்துவிடுகிறது. பின்னர் ஆலையில் தீட்டினாலும் அது முழுவதும் போய்விடுவதில்லை. தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 1971இல் வெளியிட்ட அட்டவணைப்படி, 100 கிராம் ஆலைப் பச்சரிசியில் இச்சத்து 0.06 மில்லிகிராம், ஆலைப் புழுங்கலரிசியில் 0.21 மில்லிகிராம், கைக்குத்தல் புழுங்கலரிசியில் 0.27 மில்லிகிராம். புழுங்கலரிசியின் நிறத்தையும் வாசனையையும் இழிவாகக் கருதிப் பச்சரிசிக்கு மாறும் குடும்பம், கௌரவத்துக்காகச் சத்தை இழக்கிறது.

அரிசியைப் பலமுறை தேய்த்துக் கழுவுவதாலும், வடித்த கஞ்சியைக் கொட்டிவிடுவதாலும் மேலும் நஷ்டமுண்டு. முன்னோர் கஞ்சியையும் நீராகாரத்தையும் வீணாக்காமல் உட்கொண்டது வறுமையினால் மட்டுமன்று. அதில் நன்மையும் இருந்தது.

கைக்குத்தல் அரிசிக்காக உழைத்தவர்களுள் ஜே. சி. குமரப்பா முக்கியமானவர். காந்தியடிகளின் முயற்சியால் 1934இல் நிறுவப்பட்ட அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கத்தை நடத்தி வந்த அவர், பிற்காலத்தில் மதுரை ஜில்லா டி. கல்லுப்பட்டியில் உள்ள காந்தி நிகேதன் ஆசிரமத்தில் வசித்தார். நெல் குத்தும் உரலை ஆலை ஒழித்துவிடுவதால் கிராமம் கூலியையும் சத்தையும் ஒருங்கே இழக்கிறது என்பது அவர் கட்சி.

இக்காலத்தின் புதிய தீங்கு

அக்காலத்தில் பயம் பட்டினியைப்பற்றியது. இக்காலத்தில் நிலைமை வேறு. தமிழ்நாட்டில் 2011 ஜூன் முதல் நியாய விலைக் கடைகளில் அரிசி இலவசமாகவே வழங்கப்பட்டு வருகிறது. அக்கடைகளில் பெரும்பாலானவற்றைக் கூட்டுறவுச் சங்கங்களே நடத்துகின்றன. பட்டினியை விலக்கியதில் இந்த ஏற்பாட்டுக்குப் பெரும் பங்குண்டு. ஆயினும் வயிறு நிறைவது வேறு. உடல் போஷிக்கப்படுவது வேறு. உசிலம்பட்டி, பேரையூர், திருமங்கலம் முதலிய மானாவாரிப் பக்கங்களில் கம்பங்கூழும் சோளச்சோறும் குதிரைவாலிச் சோறும் கேப்பைக் களியும் இருந்த இடத்தை அரிசிச் சோறு பிடித்துக்கொண்டது. மேலூர், வாடிப்பட்டி முதலிய பாசனப் பக்கங்களில் சோறு முன்னமே முதன்மையானது. காலையில் இட்டிலி அல்லது தோசை, மத்தியானம் சோறு, இரவிலும் சோறு அல்லது கடையில் வாங்கிய புரோட்டா, இடையிடையே சர்க்கரை இட்ட தேநீர்: இதுவே இன்று பல குடும்பங்களின் வழக்கம். ஏற்றமும் நடையும் குறைந்து, இயந்திரமும் மோட்டார் சைக்கிளும் வந்த பின்னும் சோற்றின் அளவு குறையவில்லை.

மாவுச் சத்து முழுவதும் உடலில் சர்க்கரையாக மாறி இரத்தத்தில் சேர்கிறது. உழைப்பில் அது செலவாகாவிடில் கொழுப்பாகி, முக்கியமாக வயிற்றைச் சுற்றிப் படிகிறது. நாளடைவில் கணையம் சுரக்கும் இன்சுலின் போதாமலோ பலிக்காமலோ போய், இரத்தத்தில் சர்க்கரை மிகுகிறது. இதுவே பெரியவர்களுக்கு வரும் நீரிழிவின் பொதுவான வழி. அந்தச் சர்க்கரை கண்ணிலும் சிறுநீரகத்திலும் நரம்புகளிலும் உள்ள நுண்ணிய இரத்தக் குழாய்களைக் கெடுக்கிறது. கால் புண் ஆறாமை, பார்வை மங்கல், சிறுநீரகக் கோளாறு ஆகியவை ஐம்பது வயதுக்காரனை எழுபது வயதுக்காரனாக்கி விடுகின்றன.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2008 முதல் 2020 வரை நாடெங்கும் நடத்திய பெரிய ஆய்வின் முடிவு 2023இல் வெளியாயிற்று. அதன்படி இந்தியாவில் வயதுவந்தோரில் 11.4 சதவீதத்தினருக்கு நீரிழிவு உண்டு. தொகை சுமார் 10 கோடியே 10 லட்சம். தமிழ்நாட்டில் அந்த விகிதம் 14.4 சதவீதம். இருபத்தொரு நாடுகளில் நடந்து 2020இல் வெளியான வேறோர் ஆய்வில், சமைத்த வெள்ளைச் சோறு நாளொன்றுக்கு 450 கிராமுக்கு மேல் உண்ணும் தெற்காசியருக்கு, 150 கிராமுக்குக் குறைவாக உண்பவரைவிட நீரிழிவு வரும் அபாயம் 61 சதவீதம் கூடுதலாகக் காணப்பட்டது.

இங்கு ஓர் எச்சரிக்கை அவசியம். அரிசியை நிறுத்திக் கம்பும் கேப்பையும் உண்டால் நோய் வராது என்று சிலர் பிரசாரம் செய்கின்றனர். மேற்சொன்ன கழகத்தின் ஆய்வைக்கொண்டு 2025இல் வெளியான கட்டுரையில், இந்தியருடைய ஆகாரத்தின் உஷ்ண சக்தியில் சுமார் 62 சதவீதம் மாவுச் சத்திலிருந்தே வருகிறது என்றும், அதன் மொத்த அளவைக் குறைக்காமல் அரிசிக்குப் பதில் வேறு தானியத்தை மாற்றுவதால் மட்டும் அபாயம் குறைவதில்லை என்றும், மாவுச் சத்தில் ஒரு பங்கைக் குறைத்துப் பருப்பு, பால் முதலியவற்றின் புரதத்தைச் சேர்ப்பதே பயன் தருகிறது என்றும் கூறப்பட்டது. ஆகவே அரிசியும் பகையன்று, கம்பும் மருந்தன்று. தானியத்தின் அளவைக் குறைத்துப் பயறும் பாலும் காயும் கீரையும் ஏறவேண்டும் என்பதே சாரம்.

கண்பார்வையும் கீரையும்

மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி 1976இல் நிறுவிய அரவிந்த் கண் மருத்துவமனை உலகப் பிரசித்தி பெற்றது. கண் நோய்க்குச் சிகிச்சை செய்வதோடு ஆகாரத்தைப்பற்றிய ஆராய்ச்சியிலும் அதைச் சேர்ந்தவர்கள் ஈடுபட்டனர். திருச்சிராப்பள்ளி ஜில்லாவில் சுமார் 15,400 சிறு குழந்தைகளைக்கொண்டு அவர்கள் நடத்திய ஆய்வு 1990இல் வெளியாயிற்று. சாதாரண ஆகாரத்தின் மூலமாகவே கிடைக்கக்கூடிய அளவு ஜீவசத்து ஏ-யை வாரந்தோறும் பெற்ற குழந்தைகளிடையே, அதைப் பெறாதவர்களைவிட மரணம் பாதிக்கு மேல், அதாவது 54 சதவீதம் குறைந்தது. மாலைக்கண்ணுக்கு மருந்தென்று கருதப்பட்ட சத்து உயிரையே காக்கும் சத்து என்பது இதனால் விளங்கியது.

இந்தச் சத்துக்கு விலை கொடுக்க வேண்டுவதில்லை. கொல்லையில் நிற்கும் முருங்கையும் அகத்தியும், பாத்தியில் முளைக்கும் தண்டுக்கீரையும் அதைத் தருகின்றன. முருங்கைக்கீரை 100 கிராமில் சுண்ணாம்புச் சத்து 440 மில்லிகிராமும் ஜீவசத்து சி 220 மில்லிகிராமும் உண்டு. அகத்தியில் சுண்ணாம்புச் சத்து 1,130 மில்லிகிராம். ஆயினும் அநேக வீடுகளில் முருங்கைக்காய் சந்தைக்குப் போகிறது. அகத்தி ஆட்டுக்குப் போகிறது. வீட்டுப் பிள்ளைக்குப் பொட்டலத்தில் அடைத்த வறுவல் வாங்கப்படுகிறது.

முதியோருக்கு வரும் கண்புரையிலும் ஆகாரத்துக்குத் தொடர்பு இருக்கலாம் என்று தோன்றுகிறது. அரவிந்த் மருத்துவர்களும் கலந்துகொண்டு அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களிடம் நடத்திய ஆய்வில், இரத்தத்தில் ஜீவசத்து சி அதிகமுள்ளவர்களுக்குக் கண்புரை குறைவாகக் காணப்பட்டது. தெற்கே பரீட்சிக்கப்பட்டவர்களில் ஏறக்குறைய 46 சதவீதத்தினருக்கு அச்சத்து மிகவும் குறைந்திருந்தது. இதனால் கண்புரை வராது என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது. வந்த புரைக்குச் சத்திரசிகிச்சையே பரிகாரம். ஆயினும் தினம் ஒரு நெல்லிக்காயோ கொய்யாப் பழமோ உண்பதும், அடுப்பிலிருந்து இறக்கிய பருப்பில் எலுமிச்சம் பழம் பிழிவதும் எவருக்கும் தீங்கு செய்யா. எலுமிச்சையின் புளிப்புச் சத்து கீரையிலும் தானியத்திலும் உள்ள இரும்புச் சத்தை உடல் ஏற்கும்படி செய்கிறது. சாப்பாட்டோடு தேநீர் அருந்துவதோ அதற்கு நேர்மாறான பலனைத் தருகிறது.

முதியவர்களின் தட்டு

முப்பது வயதுக்குப் பின் பத்து வருஷத்துக்கு 3 முதல் 8 சதவீதம் வரை தசை குறைந்துகொண்டே வருகிறது. அறுபதுக்குப் பின் அது விரைவுபடுகிறது. எலும்பும் மெலிகிறது, பெண்களுக்கு மாதவிடாய் நின்றபின் இது அதிகம். பல வீடுகளில் பாட்டியின் ஆகாரம் என்ன? காலையில் தேநீரும் பன்னும், மத்தியானம் மிஞ்சிய சோறும் ரசமும், இரவில் ஒன்றும் வேண்டாமென்று ஒரு தம்ளர் தண்ணீர். பல் இல்லாமையால் சுண்டலை ஒதுக்குகிறார். பேரனுக்கு இருக்கட்டுமென்று பாலை ஒதுக்குகிறார். எல்லோரும் உண்டபின் உண்பதால் குழம்பில் காய் மிஞ்சுவதில்லை. பின்னர் ஒருநாள் குளியலறையில் வழுக்கி இடுப்பு எலும்பு முறிந்தால், வயதானால் அப்படித்தான் என்று சொல்லிவிடுகின்றனர்.

வயதானவருக்குச் சோறு குறையலாம், புரதம் குறையலாகாது. பல்லில்லாதவருக்குப் பாசிப்பயற்றைக் குழைய வேகவைத்துக் கொடுக்கலாம். முட்டை, மோர், தயிர், கேப்பைக்கூழ் யாவும் மெல்லாமல் உண்ணத்தக்கவை. கேப்பை 100 கிராமில் சுண்ணாம்புச் சத்து 344 மில்லிகிராம் இருக்க, தீட்டிய அரிசியில் அது 10 மில்லிகிராம் மட்டுமே. உளுந்து சேர்ந்து புளித்த இட்டிலி முதியோருக்கு ஏற்றது. ஆனால் சட்டினியை மட்டுமல்லாமல் பருப்புச் சாம்பாரையும் ஊற்றுக. உப்பு நாளொன்றுக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு சிறு தேக்கரண்டிக்குள் இருக்கவேண்டும் என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் யோசனை. ஊறுகாய், அப்பளம், கருவாடு ஆகியவற்றின் உப்பும் இக்கணக்கில் சேரும். உப்பு மிகுந்தால் இரத்த அழுத்தம் ஏறி, பக்கவாதத்துக்கு வழியாகும். வெற்றிலையோடு மெல்லும் பாக்கும் புகையிலையும் வாய்ப்புற்றுக்குக் காரணங்கள் என்பதும் நிரூபிக்கப்பட்டுள்ளது.

கணக்கிட்டுப் பார்த்தல்

தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டியில், சாதாரணமாக உழைக்கும் ஒருவருக்கு ஒரு நாளைக்கு வேண்டியவை இவ்வாறு கூறப்பட்டுள்ளன: தானியம் 250 கிராம், பருப்பும் பயறும் 85 கிராம், பால் அல்லது தயிர் 300 மில்லிலிட்டர், காய்கறியும் கீரையும் 400 கிராம், பழம் 100 கிராம், நிலக்கடலை எள் முதலியவை 35 கிராம், எண்ணெய் 27 கிராம். கடின உழைப்பாளிக்கு இவை சிறிது கூடும்.

நான்கு பேருள்ள குடும்பத்துக்கு இதை மாதக்கணக்கில் பார்த்தால், தானியம் 30 கிலோவும் பருப்பு வகை ஏறக்குறைய 10 கிலோவும் ஆகின்றன. நியாய விலைக் கடையில் அட்டைக்கு மாதம் ஒரு கிலோ துவரம்பருப்பு கிடைக்கிறது. அதற்குமேல் பயறு வாங்காத குடும்பத்துக்கு வேண்டியதில் பத்திலொரு பங்குதான் சேருகிறது. குறைந்த ஒன்பது பங்கின் இடத்தையும் சோறே நிரப்புகிறது. தட்டைப்பயறு, மொச்சை, காணம், பாசிப்பயறு ஆகியவை இப்பக்கத்து மானாவாரி நிலங்களிலேயே விளைவதால் இக்குறையை நீக்குவது அசாத்தியமன்று.

பாலைப்பற்றியும் அங்கத்தினர்கள் யோசிக்க வேண்டும். ஒரு குடும்பத்தில் இரண்டு பசுக்கள் நாளொன்றுக்கு எட்டு லிட்டர் கறக்கின்றன எனக் கொள்வோம். எட்டு லிட்டரும் பால் சங்கத்துக்குப் போய், வீட்டுக்குத் தேநீர்ப் பால் மட்டும் மிஞ்சுமாயின், அக்குடும்பம் பாலை விற்று வைத்தியத்தை வாங்குகிறது. ஒரு லிட்டரை முதலில் வீட்டுக்கு எடுத்து வைத்துவிட்டு மீதியை ஊற்றினாலும் வருமானத்தில் குறைவது எட்டில் ஒரு பங்கே.

சங்கங்கள் செய்யக்கூடியவை

முதலாவது, சங்கப் பண்டகசாலைகள் அறுவடைக் காலத்தில் அங்கத்தினரிடமிருந்தே பயறு, கேப்பை, கம்பு, குதிரைவாலி ஆகியவற்றை வாங்கி இருப்பு வைத்து, வருஷம் முழுவதும் நியாயமான விலைக்கு விற்கலாம். அதிகம் தீட்டாத புழுங்கலரிசியையும் அவற்றோடு வைக்கலாம்.

இரண்டாவது, ஒவ்வோர் அங்கத்தினர் வீட்டிலும் முருங்கை, அகத்தி, பப்பாளி, எலுமிச்சை, கொய்யா ஆகியவற்றுள் இரண்டேனும் நிற்கும்படி கன்றுகளை வழங்கலாம். துணி துவைக்கும் நீரும் பாத்திரம் கழுவும் நீரும் இவற்றுக்குப் போதும்.

மூன்றாவது, முப்பது வயதான ஒவ்வோர் அங்கத்தினரும் வருஷம் ஒருமுறை இரத்தத்தில் சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் சோதித்துக்கொள்ளும்படி, ஆரம்ப சுகாதார நிலையத்தாருடன் ஏற்பாடு செய்யலாம். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் மூலம் இந்நோய்களுக்கு மருந்து வீட்டிற்கே வருகிறது. நீரிழிவு ஆரம்பத்தில் வலியோ அடையாளமோ காட்டுவதில்லையாதலின், நோவு வரட்டும் என்று காத்திருப்பது விவேகமன்று. நோய் கண்டவர் ஆகாரத்தைத் திருத்துவதோடு வைத்தியர் கொடுத்த மருந்தையும் விடாது உண்ணவேண்டும்.

நான்காவது, பள்ளிக்கூடத்தில் நடப்பதை வீட்டிலும் தொடரவேண்டும். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15ஆம் தேதி மதுரையிலேயே தொடங்கிவைக்கப்பட்டது. காலையில் காய்கறிச் சாம்பாரோடு உண்ணப் பழகிய குழந்தை வீட்டிலும் அதைக் கேட்கும். அப்போது பெற்றோர் கடைத் தின்பண்டத்துக்குக் காசு கொடுத்து அப்பழக்கத்தைக் கெடுக்கலாகாது.

ஐந்தாவது, சங்கத்தின் பொதுக்கூட்டங்களில் மிக்சரும் வடையும் தேநீரும் வழங்கும் வழக்கத்தை விட்டு, சுண்டலும் மோரும் பழமும் வழங்கலாம். செலவு மிகாது. நூறு பேர் பார்க்கச் சங்கம் செய்வதை நூறு வீடுகளில் பேசுவார்கள்.

இவையனைத்தையும் ஒரே நாளில் செய்துவிட இயலாது. வரும் மாதத்தில் ஒவ்வொரு குடும்பமும் தன் வீட்டில் எத்தனை கிலோ அரிசியும் எத்தனை கிலோ பயறும் செலவாகின்றன என்று ஒரு நோட்டில் குறித்து வருவது நலம். சாப்பிடும் நேரத்தில் வீட்டுப் பெண்களும் வயதானவர்களும் கடைசிப் பந்தியில் அமராமல் எல்லோருடனும் சேர்ந்து உண்ணும்படி செய்வதற்குப் பணம் ஒன்றும் தேவையில்லை. அதை இன்றிரவே தொடங்கலாம்.